கீபோர்டில் சொந்த ஸ்டைல்: வாயால் சொல்லுங்கள், பிறகு ஒவ்வொரு அடியாகப் பதியுங்கள்

கேள்வி இது: "யமஹா பிஎஸ்ஆர் எஸ்எக்ஸ் வரிசைக் கீபோர்டு வைத்திருக்கிறேன். பஜனைக்கும் மெல்லிசைக்கும் ஏற்ற மாதிரி சொந்தமாக ஒரு ஸ்டைல் செய்ய ஆசை. லூப்பில் ஓடவிட்டு வாசித்துப் பதிந்தால் தபேலா தள்ளாடுகிறது. ஸ்டெப் ரெகார்டிங்கில், அதாவது ஓடவிடாமல் ஒவ்வொரு அடியாகப் பதியும் முறையில் முயன்றேன், தாளம் சரியாக வந்தது, ஆனால் உயிர் இல்லை. போதாததற்கு, மைனர் கார்டு பிடித்தால் பேஸ் ஏதோ அபஸ்வரத்துக்குப் போகிறது. முதலிலிருந்து எப்படிச் செய்ய வேண்டும்?"

உங்கள் மூன்று பிரச்சினைக்கும் மூன்று தனிக் காரணங்கள் உண்டு. மூன்றையும் சொல்கிறேன். ஆனால் பட்டன்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பழைய எஸ் வரிசைக்கும் எஸ்எக்ஸ் வரிசைக்கும் திரை அமைப்பு வேறு, உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான். அந்த வேலை புரிந்துவிட்டால் எந்தத் திரையிலும் வழி கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டைல் என்பது கீபோர்டு தானாக வாசிக்கும் பக்கவாத்தியம், பாட்டு இல்லை. பாட்டை ரெகார்டு செய்தால் நீங்கள் வாசித்ததே திரும்பி வரும். ஸ்டைலில் நீங்கள் கொடுப்பது ஒரு மாதிரி மட்டுமே. மேடையில் இடது கையில் எந்தக் கார்டு பிடிக்கிறீர்களோ அதற்கு ஏற்றபடி அந்த மாதிரியை இயந்திரம் மாற்றி வாசிக்கும். அதனால் பதியும்போது நமக்கு இனிமையாகக் கேட்டால் போதாது, இயந்திரம் மாற்றிய பிறகும் இனிமையாக இருக்க வேண்டும்.

யமஹா ஸ்டைலில் எட்டு சேனல்கள்: ரிதம் 1, ரிதம் 2, பேஸ், கார்டு 1, கார்டு 2, பேட், ஃப்ரேஸ் 1, ஃப்ரேஸ் 2. பகுதிகள் என்று பார்த்தால் இன்ட்ரோ, மெயின் ஏ முதல் டி வரை, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபில் (இடையில் வந்துபோகும் சிறு உருட்டு), ஒரு பிரேக் (நடையை உடைத்து வரும் உருட்டு), எண்டிங். எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும் என்று உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் சலித்துவிடும். மெயின் ஏ, மெயின் பி, இரண்டுக்கும் ஃபில், இவ்வளவு போதும். ஏற்கெனவே உள்ள ஸ்டைல்களிலிருந்து ஒரு சேனலை அப்படியே எடுத்துவந்து சேர்க்கும் அசெம்ப்ளி என்ற வசதி இருக்கிறது. இன்ட்ரோவையும் எண்டிங்கையும் அதில் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, தபேலாவுக்கு வருவோம். கீபோர்டைத் தொடுவதற்கு முன் ஒரு காகிதமும் பென்சிலும் எடுங்கள். தபேலா இருக்கிற டிரம் கிட்டைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு கட்டையாக அழுத்தி, எந்தக் கட்டையில் எந்தச் சொல் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். 'ந' எங்கே, 'தின்' எங்கே, இடது தபேலாவின் திறந்த 'கெ' எங்கே, மூடிய 'க' எங்கே என்று பாருங்கள். கிட்டுக்குக் கிட்டு இது மாறும். இந்த அரை மணி நேர வேலையைச் செய்யாமல் பதிய உட்காருபவர்கள் பிறகு நாலு மணி நேரம் கட்டைகளைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து, பதிய வேண்டிய தாளத்தை வாயால் சொல்லுங்கள். கையால் தட்டினால் போதாது, சொல்ல வேண்டும். மிருதங்கமோ தபேலாவோ கற்றவர்கள் எல்லோரும் இப்படித்தான் கற்றார்கள். ஸ்டெப் ரெகார்டிங்கோடு இவ்வளவு நன்றாகப் பொருந்துகிற முறை வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒரு சொல், ஒரு கட்டம். நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற இந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு, மேற்கத்திய டிரம் பாடங்களைப் பார்த்துக் குழம்பிக்கொள்கிறோமே என்று எனக்கு வருத்தம் உண்டு.

பஜனைக்கும் மெல்லிசைக்கும் பொதுவான கெஹெர்வா தாளத்தை எடுத்துக்கொள்வோம். எட்டு மாத்திரை:

தா – கெ – ந – தி – ந – க – தின் – ந

இதை 4/4-இல் ஒரு பார், அதாவது நாலு அடி கொண்ட ஒரு சுற்று என்று வைத்தால் ஒவ்வொரு சொல்லும் அரை அடி. இப்போது காகிதத்தில் எட்டுக் கட்டம் போட்டு இரண்டு வரிசையாகப் பிரியுங்கள். மேல் வரிசை வலது தபேலா, கீழ் வரிசை இடது. 'தா' என்பது தனிச் சொல் போலத் தெரிந்தாலும் வலது கையின் 'ந'வும் இடது கையின் 'கெ'யும் சேர்ந்து விழுவதுதான். ஆகவே முதல் கட்டத்தில் இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். ஏழாவது கட்டத்தின் 'தின்'னும் அப்படியே, வலதோடு இடதும் சேர்ந்து ஒலிக்கும். கணக்குப் பார்த்தால் இடது தபேலாவின் திறந்த ஒலி 1, 2, 7 ஆகிய கட்டங்களில் வருகிறது, ஆறாவதில் மூடிய 'க' வருகிறது. நடுவில் 3, 4, 5 கட்டங்களில் இடது கை ஓய்வெடுக்கிறது. அந்த ஓய்வுதான் கெஹெர்வாவின் அழகு. நடுவில் பள்ளம் விழுந்து, ஏழில் மறுபடி நிரம்பி, சமத்துக்கு, அதாவது சுற்றின் முதல் அடிக்குத் தள்ளிக்கொண்டு போகும். பலரும் செய்யும் தவறு, வெற்றாக இருக்கிறதே என்று நினைத்து அந்த இடத்தில் பேஸ் டிரம் போட்டு அடைப்பது. செய்யாதீர்கள்.

இதைப் பதிவது எளிது. ரிதம் 2-ஐத் தேர்ந்தெடுத்து, ஸ்டெப் ரெகார்டிங்கில் அளவை அரை அடிக்கு, அதாவது எட்டாம் பங்கு நோட்டுக்கு வையுங்கள். காகிதத்தைப் பார்த்து எட்டு முறை அழுத்துங்கள், முடிந்தது. ரிதம் 1-ஐ மேற்கத்திய கிட்டுக்கு விட்டுவிடுங்கள். ஹை-ஹாட், ஷேக்கர் மாதிரி ஏதாவது மெல்லியதாக அதில் போடலாம். இரண்டும் தனிச் சேனலில் இருந்தால்தான் மேடையில் தபேலாவை மட்டும் ஏற்றவோ குறைக்கவோ முடியும்.

இனி உயிர் இல்லை என்ற குறை. ஸ்டெப் ரெகார்டிங் உயிரைக் கொல்லும் என்று பலர் சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்வதில்லை. உயிர் போவது வெலாசிட்டியால், அதாவது அடியின் பலத்தைக் குறிக்கும் எண்ணால். எட்டுச் சொல்லையும் ஒரே பலத்தில் பதிந்தால் எப்பேர்ப்பட்ட தபேலா சாம்பிளும் தட்டச்சு மாதிரிதான் கேட்கும். ஸ்டெப் ரெகார்டிங்கில் வெலாசிட்டிக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நீங்கள் அழுத்திய வேகத்தையே எடுத்துக்கொள்வது. மற்றது, மெதுவிலிருந்து பலமாக வரை நிர்ணயித்த படிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. நடுத்தரமான 'எம்எஃப்' என்றால் 79, பலமான 'எஃப்' 95, இன்னும் பலமான 'எஃப்எஃப்' 111. நான் முதலில் எல்லாவற்றையும் ஒரே அளவில் பதிந்துவிட்டு, பிறகு நிகழ்வுப் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகத் திருத்துவேன். மேலே சொன்ன கெஹெர்வாவுக்கு என் கை பழகிய அளவுகள் இவை: 110, 70, 92, 58, 84, 50, 98, 72. நான்காவதும் ஆறாவதும் எவ்வளவு மெலிந்திருக்கின்றன பாருங்கள். வாசிக்கிற மனிதர் அந்த இடத்தில் விரலை வெறுமனே வைத்துவிட்டுப் போவார். அவை அரைகுறையாகக் கேட்டால்தான் மற்றவை எடுப்பாகும்.

நான் முதன்முதலாகச் செய்த ஸ்டைலை ஒரு கோயில் கச்சேரியில் போட்டேன். பாடிய அக்கா இரண்டு சரணம் முடிந்ததும் திரும்பிப் பார்த்து, "தம்பி, இதை நிறுத்திட்டு நீ கையாலேயே தாளம் போடு" என்றார். அந்த ஸ்டைலில் எல்லாம் 100 என்று இருந்தது. அன்றிரவே வீட்டுக்கு வந்து எண்களை மாற்றிப் பார்த்தேன். இடம் ஒன்றைக்கூட நகர்த்தவில்லை, பலத்தை மட்டும் மாற்றினேன், வேறு ஸ்டைல் மாதிரி இருந்தது.

இடத்தை நகர்த்துவதும் உண்டு, ஆனால் அளவாக. யமஹாவில் ஒரு அடி 1920 கிளாக்காகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அரை அடி 960, கால் அடி 480. டெம்போ 100 என்றால் ஒரு அடி 600 மில்லிசெகண்டு, ஆகவே 60 கிளாக் நகர்த்தினால் ஏறக்குறைய 19 மில்லிசெகண்டு தள்ளும். அவ்வளவு சின்ன நகர்வையும் காது உணரும். ஐந்தாவது 'ந'வையும் எட்டாவது 'ந'வையும் 40 முதல் 60 கிளாக் பின்னால் தள்ளிப் பாருங்கள், சாய்ந்து உட்கார்ந்து வாசிப்பது போன்ற ஒரு சுகம் வரும். முதல் 'தா'வை மட்டும் தொடாதீர்கள். சமம் நகர்ந்தால் பாடுபவர் நம்பிக்கை இழந்துவிடுவார்.

இப்படி ஒவ்வொரு சுரத்துக்கும் எண் கொடுத்து இசை செய்யும் வழக்கம் புதிதல்ல. ரோலண்டு நிறுவனம் 1977-இல் வெளியிட்ட எம்சி-8 என்ற கருவியில் கால்குலேட்டர் மாதிரி எண் பட்டன்கள்தான் இருந்தன. சுரம் எது, அடுத்த சுரம் எவ்வளவு நேரம் கழித்து, இந்தச் சுரம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்று மூன்று எண்களாகத் தட்ட வேண்டும். இன்று உங்கள் திரையில் தெரிகிற 'கேட் டைம்' அந்த மூன்றாவது எண்தான்.

கேட் டைம் தபேலாவுக்குப் பெரிதாகத் தேவைப்படாது, அடித்த ஒலி தானாகவே அடங்கிவிடும். பேஸுக்கு அதுதான் எல்லாமே. ஸ்டெப் ரெகார்டிங்கில் நார்மல் என்றால் நோட்டின் நீளத்தில் 80 சதவீதம் ஒலிக்கும், டெனுட்டோ 99, ஸ்டக்காட்டோ 40, ஸ்டக்காட்டிஸ்ஸிமோ 20. கெஹெர்வாவுக்கு நான் வைக்கும் பேஸ் இது: முதலில் ஒன்றரை அடிக்கு 'ச', நார்மலில். அடுத்து அரை அடிக்கு மறுபடி 'ச', ஸ்டக்காட்டோவில். பிறகு ஒரு அடிக்குக் கீழ் 'ப', டெனுட்டோவில். கடைசி ஒரு அடியை இரண்டாக்கி மேல் 'ச', 'ப' என்று அரை அரை அடி. இரண்டாவது 'ச' சட்டென்று வெட்டுப்படுவதால்தான் அடுத்து வரும் 'ப' ஆழமாகக் கேட்கிறது. அதையும் 80-இல் விட்டால் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டி, வாழைப்பழக் குழம்பாகிவிடும்.

இப்போது மைனர் கார்டு பிரச்சினை. நீங்கள் அனேகமாக ஏ மைனர் பாட்டு ஒன்றை மனதில் வைத்து, ஏ மைனரிலேயே பேஸைப் பதிந்திருப்பீர்கள். ஆனால் கீபோர்டு, தனியாகச் சொல்லாதவரை, நீங்கள் பதிந்த எல்லாமே சி மேஜர் செவன்த் கார்டுக்காக வாசிக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ளும். அதுதான் மூலக் கார்டு. பிறகு மேடையில் ஏ மைனர் பிடித்ததும், சி-யிலிருந்து ஏ-வுக்கு நகர்த்த வேண்டும், மேஜரை மைனராக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, ஏற்கெனவே ஏ மைனரில் இருந்ததை இன்னொரு முறை மாற்றுகிறது. அபஸ்வரம் வராமல் என்ன செய்யும்?

தீர்வு, சி-யில் பதிவது. அதிலும் எல்லாச் சுரமும் கூடாது. பேஸுக்கும் ஃப்ரேஸுக்கும் ச, ரி, க, ப, த, நி. அதாவது சங்கராபரணத்தில் மத்யமத்தை விட்டுவிட்டு மற்றதெல்லாம். கார்டு சேனல்களுக்கும் பேடுக்கும் இன்னும் கடுமை, ச, க, ப, நி மட்டும். இவை யமஹாவே கையேட்டில் சொல்லும் விதி. இது மெயினுக்கும் ஃபில்லுக்கும்தான். இன்ட்ரோவிலும் எண்டிங்கிலும் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். வேறு கார்டில்தான் பதிவேன் என்றால், பதிவதற்கு முன்பே மூலக் கார்டை மாற்றிவிட வேண்டும், பதிந்த பிறகு இல்லை.

ஆனால் அனுமதிக்கப்பட்ட சுரங்களிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 'த'வைப் பாருங்கள். சி-யில் பேஸ் ச-ப-த-ப என்று நடந்தால் மிக அழகாக இருக்கும். மாற்ற விதி மெலடிக் மைனர் என்று இருந்தால், மைனர் கார்டில் காந்தாரம் மட்டுமே அரை சுரம் இறங்கும், 'த' அப்படியே நிற்கும். நீங்கள் ஏ மைனர் பிடித்ததும் அந்த 'த' எஃப் ஷார்ப்பாக ஒலிக்கும். சி மேஜரில் போகிற பாட்டில் எஃப் ஷார்ப் எங்கிருந்து வந்தது என்று பாடுபவர் திணறுவார். சரி, விதியை நேச்சுரல் மைனருக்கு மாற்றுவோம், அதில் காந்தாரம், தைவதம், நிஷாதம் மூன்றும் இறங்கும். ஏ மைனர் சரியாகிவிட்டது, எஃப் வருகிறது. அடுத்து டி மைனர் பிடியுங்கள், அங்கே பி ஃப்ளாட் வந்து நிற்கும். ஒரே ஸ்வர வரிசைக்குள் இருக்கிற இரண்டு மைனர் கார்டுகள் இரண்டு வேறு தைவதம் கேட்கின்றன, இயந்திரத்துக்குப் பாட்டின் ஸ்வர வரிசை தெரியாது, கார்டு மட்டும்தான் தெரியும். அதனால்தான் மேலே என் பேஸில் 'த'வே இல்லை, ச-வும் ப-வும் மட்டும். எந்த மேஜர், மைனர் கார்டிலும் ச-ப காலை வாராது. ஆசையாக இருந்தால் 'த' போட்ட நடையை மெயின் பி-யில் வைத்துக்கொண்டு, மேஜர் கார்டுகளே வரும் இடங்களில் மட்டும் அதற்குப் போங்கள்.

விதிகளைப் பற்றி இன்னும் கொஞ்சம். என்டிஆர், என்டிடி என்று இரண்டு அமைப்புகள் இருக்கும். முதலாவது, கார்டின் மூலச்சுரம் மாறும்போது மொத்த வரியும் அப்படியே நகர வேண்டுமா, அல்லது இருந்த இடத்திலேயே அருகிலுள்ள சுரங்களுக்கு மாற வேண்டுமா என்பது. இரண்டாவது, மேஜர், மைனர் மாற்றத்துக்கான அட்டவணை. பேஸுக்கும் ஃப்ரேஸுக்கும் ரூட் டிரான்ஸ், மெலடி. கார்டு சேனல்களுக்கு ரூட் ஃபிக்ஸ்டு, கார்டு. இதில் ஆரம்பித்தால் பெரும்பாலும் திருத்தமே வேண்டியிருக்காது. பேஸில் ஹை கீ என்ற எல்லையையும் பாருங்கள். அதை எஃப்-இல் வைத்தால் எஃப் வரை மேலே போகும், எஃப் ஷார்ப்பிலிருந்து ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். இது இல்லாவிட்டால் பி கார்டு பிடிக்கும்போது பேஸ் கிட்டார் மேலேறிப் போய் வீணை மாதிரி பேசும்.

பஜனை என்று சொன்னீர்கள், அதனால் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஃப்ரேஸ் 2-இல் தம்புரா ஒலியை வைத்து ப-ச-ச-ச என்று நாலு அடிக்குப் பதியுங்கள். அதற்கு மட்டும் என்டிஆர் ரூட் ஃபிக்ஸ்டு, என்டிடி பைபாஸ். இந்தச் சேர்க்கையில் கார்டு எதுவாக இருந்தாலும் அந்தச் சேனல் அசையாது. எஃப் பிடித்தாலும் ஜி பிடித்தாலும் தம்புரா ஆதார ஷட்ஜத்திலேயே நிற்கும். பாடுபவரின் சுருதி இரண்டரைக் கட்டை, அதாவது டி ஷார்ப் என்றால்? கார்டுகளை சி-யிலேயே பிடித்துக்கொண்டு மாஸ்டர் டிரான்ஸ்போஸை மூன்று ஏற்றுங்கள், தம்புராவும் சேர்ந்து ஏறும். நேராக டி ஷார்ப்பில் கார்டு பிடிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது.

ஃபில் ஒரே ஒரு பார்தான், நீட்ட முடியாது. நம்மவர்களுக்கு அங்கே ஒரு தீர்மானம், அதாவது மூன்று முறை வந்து சமத்தில் முடியும் சொற்கட்டு வைக்கக் கை துறுதுறுக்கும். கணக்கும் அருமையாக வரும். பாரில் பதினாறு கால் அடிகள். முதலாவதை ஓய்வாக விட்டு, இரண்டாவதிலிருந்து ததிங்கிணதொம் மூன்று முறை. ஐந்து மூன்று பதினைந்து, பாரும் முடிந்தது, அடுத்த 'தா' சமத்தில் விழுகிறது. ஸ்டெப் ரெகார்டிங்கில் இது ஐந்து நிமிட வேலை. கையால் வாசித்துப் பதிய அப்படி வராது.

ஆனால் ஃபில் பட்டனைப் பாருக்கு நடுவில் அழுத்தினால் கீபோர்டு ஃபில்லை ஆரம்பத்திலிருந்து வாசிக்காது. பாரில் எங்கே நிற்கிறதோ, ஃபில்லின் அந்த இடத்திலிருந்து மீதியை மட்டும் வாசிக்கும். மூன்றில் ஒன்றரைத் ததிங்கிணதொம் கேட்டால் எப்படி இருக்கும்! அதனால் மெயின் ஏ-யின் ஃபில்லில் கடைசி இரண்டு அடிகள் தனியாகக் கேட்டாலும் நிற்கிற மாதிரி சாதாரண உருட்டு ஒன்றை வையுங்கள். தீர்மானத்தைப் பிரேக்கில் வைத்து, முந்தின பாரின் கடைசி அரை அடியில் அழுத்தப் பழகுங்கள். அப்போது அடுத்த பாரின் முதலிலிருந்து முழுதாக வரும்.

மிச்ர சாபு மாதிரி தாளங்களுக்கும் இதே வழிதான். தகிட தகதிமி என்று ஏழு கட்டம் போடுங்கள். உங்கள் கீபோர்டின் தாளத் தேர்வில் 7/8 இல்லை, 7/4 இருக்கிறது என்றால் அதை எடுத்து டெம்போவை இரட்டிப்பாக்கினால் போதும். தாள அளவை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள், சேனல்களை நிரப்பிய பிறகு அதில் கை வைத்தால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும்.

கோர்க் நிறுவனத்தின் பிஏ வரிசைக் கீபோர்டு வைத்திருக்கும் நண்பர்களும் கேட்கிறார்கள். அதிலும் எட்டு டிராக், அதிலும் ஸ்டெப் ரெகார்டிங் உண்டு. பெரிய வித்தியாசம், ஒரு வேரியேஷனுக்குள் (யமஹாவின் மெயின் மாதிரி) ஆறு கார்டு வேரியேஷன் வரை தனித்தனியாகப் பதிந்து, மேஜருக்கு இது, மைனருக்கு இது என்று நீங்களே ஒதுக்கலாம். ஏ மைனருக்கும் டி மைனருக்கும் இடையில் வந்த சிக்கல் அங்கும் தீராது, இரண்டும் மைனர்தானே. ஆனால் மைனருக்கென்று முழுதாக வேறொரு பேஸ் நடை எழுதலாம், அது பெரிய சுதந்திரம். யமஹாவின் இ வரிசை மாதிரி ஆரம்பநிலைக் கீபோர்டுகளில் ஸ்டைல் உருவாக்கும் வசதி கிடையாது. பலவற்றில் வேறு இடத்தில் செய்த ஸ்டைல் கோப்பை ஏற்றிக்கொள்ளலாம்.

எல்லாம் பதிந்ததும் சோதனை. பாட்டு எதுவும் வாசிக்காதீர்கள், கார்டு மட்டும் பிடியுங்கள். சி, ஏ மைனர், டி மைனர், ஜி செவன்த், பிறகு சி சஸ் ஃபோர், பி டிமினிஷ்டு, எஃப் ஷார்ப் மேஜர். ஒவ்வொன்றிலும் நாலு பார் நிற்க வேண்டும், இரண்டு பாரில் தவறு ஒளிந்துகொள்ளும். எங்கே காது சுளிக்கிறதோ அங்கே மற்ற சேனல்களை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள், குற்றவாளி அனேகமாகப் பேஸ் அல்லது ஃப்ரேஸ். அப்புறம் பாடுகிற ஒருவரை உட்காரவைத்து மெதுவான டெம்போவில் பாடச் சொல்லுங்கள். வேகத்தில் எல்லா ஸ்டைலும் நன்றாக இருக்கும், 76-இல் நிற்கிறதா என்று பாருங்கள்.

சேமிப்பதை மட்டும் கடைசிக்கு விடாதீர்கள். சேமிக்காமல் வேறு ஸ்டைலுக்குப் போனாலும், கரண்ட் போனாலும், பதிந்தது மொத்தமும் போய்விடும். ஒரு சேனல் முடிந்ததும் ஒரு சேமிப்பு, பெயரின் கடைசியில் எண்ணை ஏற்றிக்கொண்டே போங்கள். கெஹெர்வா 1, கெஹெர்வா 2 என்று. நான்காவதைக் கெடுத்துக்கொண்டால் மூன்றாவது யுஎஸ்பியில் இருக்கும்.